காடு நமது, வினாத்தாள் எவரது?

மன்னம்பந்தல் கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் முதுகலைப் பாடமாகக் கற்பிக்கப்பெறுகின்றது. ஆனைகட்டியில் 1990-இல் தோன்றிய சாலிம் அலி பறவையியல் நடுவம் ஆய்வாளர் பலரை உருவாக்கியுள்ளது. வரையாட்டைக் காக்கத் தமிழ்நாட்டரசு 2022-இல் 25.14 கோடி உருபாவில் ஐந்தாண்டுத் திட்டம் வகுத்தது. அவ்வாண்டிலேயே கடவூரில் தேவாங்குக்கும் பாக்கு விரிகுடாவில் கடற்பசுவுக்கும் காப்பிடங்கள் அமைந்தன. ஆய்வுக்குரிய களங்கள் நம் மண்ணில் விரிந்து கிடக்கின்றன. ஆனால், அக்களங்களுக்குள் நம் பிள்ளைகள் நுழையும் வாயிலை எவர் காக்கின்றனர்?

முதுகலை முடித்த மாணாக்கன் முனைவர் பட்ட ஆய்வு செய்யப் பொருள் வேண்டும். அதற்குப் பெருவழி, நடுவணரசு நடத்தும் ‘நெட்’ தகுதித் தேர்வு. அதில் முன்னிலை பெறுவோர்க்கு, 2023 முதல், முதலிரண்டாண்டுகள் திங்கள்தோறும் 37,000 உருபா ஆய்வுதவி கிடைக்கின்றது. ஏழைக் குடிப்பிறந்த பிள்ளைக்கு ஆய்வென்பது இயலும் இயலாது என்பதை இத்தொகையே முடிவு செய்கின்றது. அத்தேர்வின் உயிரியல் தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகின்றது! இந்திக்காரன் தாய்மொழியில் வினாவைப் படித்து விடை தேடுவான். முதுமலைச் சாரலில் பிறந்த தமிழ்மகன் அயன்மொழியில் வினாவையே முதலில் தேடவேண்டும். மருத்துவ நுழைவுத் தேர்வைப் (அத்தேர்வே ஒழியவேண்டுவது என்பது வேறு) பதின்மூன்று மொழிகளில் நடத்துகின்றவர்க்கு இஃது இயலாத செயலன்று; மனமில்லை, அவ்வளவே.

தில்லியை மட்டும் பழித்து அமைவதும் நேர்மையாகாது. விலங்கு, பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களை வகுத்துரைத்தது தொல்காப்பிய மரபியல். பறப்பனவற்றுக்கு எது, யானைக்கு எது எனவும் பிரித்துக் காட்டிற்று. காட்டைக் கண்ணாற் கண்டறியாதவனால் அவ்வாறு வகுக்கவியலாது. அம்மொழிக்குரிய நாட்டில் இன்று காட்டுயிர் ஆய்வேடுகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்று நூலக அடுக்குகளில் உறங்குகின்றன. தடங்கண்டு வழிகாட்டிய காடரும் முதுவரும் காணிக்காரரும் தாம் காட்டியது என்னவாயிற்று என்பதைப் படித்தறிய வழியில்லை. அவர்கள் நாவில் வாழும் உயிர்ப்பெயர்களும் ஏட்டில் ஏறுவது அரிது.

இதற்குத் தில்லியின் இசைவை எதிர்நோக்க வேண்டுவதில்லை. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்க் காப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, புகலிடங்களில் ஆய்வு செய்ய இசைவளிப்பவர் மாநிலத்தின் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரே. முடிவுகளின் தமிழ்ச் சுருக்கத்தையும், அவ்வட்டார உயிர்ப்பெயர்ப் பட்டியலையும் ஒப்படைத்தல் வேண்டும் என்னும் விதியொன்றைத் தமிழ்நாட்டரசு அவ்விசைவாணையில் சேர்க்கட்டும். அன்பர்கள் தத்தம் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர்க்கு இதனை இத்திங்களே எழுதுக.