ஆம்பூரில் எரிந்த ஓலா ஸ்கூட்டர்: மின்சார வண்டி நின்றால் யாரிடம் போவது?

செல்போன் ஹேங் ஆனால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாம். ஸ்கூட்டர் நடுரோட்டில் ஹேங் ஆனால்? ஷிப்ட் நேரத்துக்கு ஷூ கம்பெனிக்கு ஓடுகிறவர்கள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இது சாதாரண கேள்வி இல்லை. நாடே திரும்பிப் பார்க்கும்படி இந்தக் கேள்வி எழுந்ததும் ஆம்பூரில்தான்.

ஆம்பூரில் என்ன நடந்தது?

2022 ஏப்ரல் 26. ஓலா எஸ்1 ப்ரோ மின்சார ஸ்கூட்டர் வாங்கிய ஆம்பூர்க்காரர் ஒருவர் அதைப் பதிவு செய்ய குடியாத்தம் போனார். குடியிருப்பது ஆம்பூர் என்பதால் அங்கே பதிவு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டதாக அப்போதைய செய்திகள் சொல்லின. திரும்பும் வழியில் வண்டி நின்றது. சொன்ன தூரம் ஓடவில்லை, புகார் சொல்லியும் சரியாகவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. கடைசியில் பெட்ரோல் ஊற்றி வண்டிக்குத் தீ வைத்தார். அந்த வீடியோ நாடு முழுவதும் பரவியது.

இது பேட்டரி வெடித்த விபத்து இல்லை, விரக்தியில் உரிமையாளரே வைத்த தீ. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்புதான், வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த ஒகினாவா ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் உயிரிழந்திருந்தனர். ஏப்ரல் 16-ல் ஒகினாவா 3,215 வண்டிகளையும், புனே தீ விபத்துக்குப் பிறகு ஏப்ரல் 24-ல் ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்காகத் திரும்பப் பெறுவதாக அறிவித்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வாங்கினார்கள்?

2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு முன்பதிவு தொடங்கியதும் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் புக் செய்ததாக ஓலா அறிவித்தது. அப்போது யாரும் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தொழிற்சாலை இருப்பது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளி அருகே. அங்கே உற்பத்தி வேலை முழுக்க பெண்கள் கையில் இருக்கும் என்று அறிவிக்கப்பட்டது. நம்ம ஊர்ப் பெண்கள் செய்யும் வண்டி என்ற பெருமிதம் இயல்பாகவே வந்தது.

பெட்ரோல் விலையும் தள்ளியது. அதனால்தான் வண்டிகள் எரிந்த அதே 2022 ஏப்ரலில், நாட்டில் அதிகம் பதிவான மின்சார ஸ்கூட்டராக ஓலா முதலிடத்துக்கு வந்தது. "வண்டி சூப்பர்தான், சர்வீஸ்தான் இல்லை" என்று சொல்லிக்கொண்டே அதே வண்டியை ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

பழைய ஸ்கூட்டர் நின்றால் தெருமுனை மெக்கானிக் போதும். பிளக்கைக் கழற்றி, கார்பரேட்டரை ஊதி, அரை மணி நேரத்தில் ஓட வைத்துவிடுவார். வாங்கியவருக்கு கம்பெனி மேல் கோபம் இருந்தாலும் மெக்கானிக் மேல் நம்பிக்கை இருந்தது.

மின்சார ஸ்கூட்டர் அப்படி இல்லை. பேட்டரியையும் மோட்டாரையும் இயக்குவது மென்பொருள். பழுதைக் கண்டுபிடிக்க கம்பெனியின் கருவி வேண்டும், பேட்டரி பேக்கைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்ற பயமும் உண்டு. ஓலா டீலர்கள் இல்லாமல் நேரடியாக விற்றது. அதனால் சண்டை போடக்கூட உள்ளூரில் ஒரு டீலர் கிடையாது, மிஞ்சியது ஆப்பும் கால் சென்டரும்தான். இந்த நிலையில் வாங்கியவர் அதே கம்பெனியிடம் திரும்பத் திரும்பப் போவதை விசுவாசம் என்று சொல்ல முடியாது. அவருக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

இதே ஆம்பூரில் ஏற்றுமதிக்குப் போகும் ஷூவில் ஒரு தையல் விலகினாலும் அது ரிஜெக்ட் ஆகும். வெளிநாட்டு பையருக்கு உள்ள அந்த பலம், லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வண்டி வாங்கும் தனி மனிதருக்கு இல்லை.

அரசு என்ன செய்தது?

தீ விபத்துகளுக்குப் பிறகு பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. தீ ஆபத்துக்கு விதி வந்தது, சர்வீஸ் தாமதம் தொடர்ந்தது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஓலா மீது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் வந்தன. அதில் 3,389 புகார்கள் சர்வீஸ் தாமதம் பற்றியவை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. அந்த டிசம்பரில் கடைகளின் எண்ணிக்கையை 4,000 ஆக்குவதாகவும் அறிவித்தது.

சந்தையும் தன் பதிலைச் சொன்னது. 2025 ஏப்ரலில் மாதப் பதிவில் டிவிஎஸ் முதலிடம் பிடித்தது, ஓலா பின்தங்கியது. ஊருக்கு ஊர் டீலர் வைத்திருக்கும் பழைய கம்பெனிகளின் பலம் அப்போது தெரிந்தது.

வண்டி பாதியில் நின்றால் என்ன செய்யலாம்?

முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். போனில் சொன்னால் மட்டும் போதாது. சர்வீஸ் கோரிக்கை எண், தேதி, வண்டி நின்ற இடம், திரையில் வந்த எச்சரிக்கையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு சட்டப்படி, கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

ஒன்று மட்டும் கவனம்: வண்டியை எரித்துவிட்டால் குறையை நிரூபிக்கும் முக்கிய ஆதாரமும் சாம்பலாகிவிடும். கோபம் நியாயமானதாக இருக்கலாம், ஆனால் ஆணையத்தில் பேசப்போவது அந்த வண்டிதான்.