நடைக்கும் கணக்கு வேண்டும்

நகரத்தில் நடை என்பது மருத்துவர் எழுதித்தரும் மருந்து. பீர்மேடு வட்டத்து ஏலப்பாறையிலோ அது கணக்கில் வராத உழைப்பு. தேயிலைத் தொழிலாளிப் பெண் லயத்திலிருந்து மலைக்கு ஏறவும், கொழுந்துச் சுமையுடன் எடையிடும் இடத்தை அடையவும் நடக்கிறாள். தராசு கொழுந்தை நிறுக்கிறது. ஏறியிறங்கிய மேட்டை நிறுப்பதில்லை.

நடந்தே உரிமை கேட்டோரும் உண்டு. 2018 மார்ச் 6 அன்று நாசிக்கிலிருந்து புறப்பட்ட விவசாயிகளும் பழங்குடியினரும், வன நில உரிமை கோரி ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து மும்பையை அடைந்தனர். தேர்வெழுதும் மாணவர்க்கு இடையூறு நேராதிருக்க இறுதி இரவும் நடந்தனர். மகாராஷ்டிர அரசு எழுத்துமூலம் உறுதியளிக்க நேர்ந்தது.

தனித்து நடந்தால் தேய்வது கால். திரண்டு நடந்தால் அசைவது அரசு. ஏலப்பாறையில் நடக்கும் நேரமும் கூலிப் பேச்சுவார்த்தையில் இடம்பெற வேண்டும்.