ரசனைக்கு வயது உண்டா?

"இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா?" இந்தக் கேள்வி எழாத வீடு அரிது. வயது போகப் போக இசை ரசனை பண்படும், பிள்ளைகளுக்கு அது இன்னும் வரவில்லை என்பது பெரியவர்களின் முடிவு. இசை கூடுமா, கூடாதா என்பதை உலமாக்கள் பேசட்டும். ரசனை மாறுவதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உம்மும்மாவுக்கு எம்.எஸ். விஸ்வநாதன் போதும். 1976 இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜா அவருக்கு வெறும் சத்தம். பெரியவாப்பாவுக்கோ இளையராஜாதான் எல்லாம். 1992 இல் 'ரோஜா'வுடன் வந்த ரஹ்மான் அவருக்கு மெஷின் சத்தம். உம்மாவுக்கு ரஹ்மான் இனிப்பார், நாங்கள் கேட்பது சத்தம். மூன்று பேருமே தாங்கள் பதினைந்து, இருபது வயதில் கேட்டதைத்தான் 'நல்ல பாட்டு' என்கிறார்கள். ஏறக்குறைய பத்து முதல் முப்பது வயது வரையான நினைவுகளே முதுமையில் அதிகம் திரும்பி வரும் என்று உளவியலாளர்கள் கூறுகின்றனர். வயது கூடும்போது காதின் உயர் சுருதி கேட்கும் திறன் குறைவதும் உண்மை. ஆகவே ரசனை மாறுவதற்குப் பண்பாடு மட்டும் காரணமல்ல.

அப்படியானால் பெரியவர்கள் பழசிலேயே நின்றுவிட்டார்களா? அப்படிச் சொல்வதும் நியாயமில்லை. வாப்பா கடை வைத்திருக்கும் காரைநகரில் முதியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் பெயர் கே.எஸ். ராஜா. அந்த மண்ணின் மைந்தரான அவர் இலங்கை வானொலியின் அறிவிப்பாளராகி, கடல் கடந்து தமிழ்நாட்டிலும் ரசிகர்களைப் பெற்றவர். 1994 இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவரது குரலோடு பாட்டுக் கேட்ட ஊர் 1991 இல் இடம்பெயர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபரில் எங்கள் சமூகம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். வீட்டையும் கிணற்றையும் விட்டு வந்தவர்களால் பாட்டைக் கொண்டுவர முடிந்தது. உம்மும்மா ஒரு பழைய பாட்டை முணுமுணுக்கும்போது, அவர் பாட்டை மட்டுமா நினைக்கிறார்? விட்டு வந்த தெருவையும் சேர்த்துத்தான் நினைக்கிறார்.

எனக்குக் கவலை எங்கள் தலைமுறையைப் பற்றித்தான். அன்று ஒரு வீட்டில் ஒரு வானொலி. பிடித்ததும் பிடிக்காததும் எல்லோர் காதிலும் விழுந்தது. அதனால்தான் உம்மாவுக்கு உம்மும்மாவின் பாட்டுகளும் மனப்பாடம். இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசி, காதில் ஹெட்போன். நேற்று எதை விரும்பினோமோ அதைப் போன்றதையே யூடியூப் இன்றும் எடுத்துத் தருகிறது. பெரியவர்களின் ரசனை ஓரிடத்தில் தங்க முப்பது வயதாவது ஆனது. எங்கள் ரசனை பதினேழிலேயே சுருங்கிவிடும் போலிருக்கிறது. அதைவிட, ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் நினைவில் மற்றவர் இல்லாமல் போகிறோம்.

பெற்றோரே, எங்கள் பாட்டைச் 'சத்தம்' என்று ஒதுக்குமுன் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். உங்கள் பெற்றோரும் உங்களிடம் அதையேதான் சொன்னார்கள். சகோதரிகளே, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஹெட்போனைக் கழற்றி வைப்போம். மூத்தவர்களிடம் ஒரு பாட்டைக் கேட்போம். அதை முதலில் எங்கே, யாரோடு கேட்டார்கள் என்றும் கேட்போம். பாட்டு நமக்குப் பிடிக்காமல் போகலாம், அதனால் குறைவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லக்கூடியவர்கள் எந்நாளும் நம்மோடு இருக்கப்போவதில்லை.