மனநோய் மாளிகைக்கு மட்டும் சொந்தமா?

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் மனப்பதற்றம் வருகிறதாம். அவர்களுக்கென்றே தனி வைத்தியம் நடத்துகிறார்களாம். பட்டணத்துச் சுவர்களிலும் செல்போன் திரையிலும் விளம்பரம் கண்ணைப் பறிக்கிறது. குளிர்பதன அறை, மெத்தை நாற்காலி, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். நோய் வந்தவர்கள் வைத்தியம் பார்த்துக் கொள்ளட்டும். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. நாம் கேட்பது வேறு. சாதனை செய்கிறவன் என்றால் யார்? கார் வைத்திருப்பவன் வீட்டுப் பிள்ளைதானா?

விடியற்காலை கும்மிடிப்பூண்டியில் புறப்படும் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். கவரைப்பேட்டையிலும் பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் புத்தகப் பையோடு ஏறுகிற பிள்ளைகளைப் பாருங்கள். தகப்பன் உருட்டாலையில் காய்ச்சிய கம்பியை இடுக்கியால் பிடிக்கிறவன். தாய் நாற்று நடுகிறவள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை அது. இதைவிடப் பெரிய சாதனை எந்த மாளிகையில் நடந்தது? இந்தப் பிள்ளைக்குப் பதற்றம் வராதா? வருகிறது, தோழர்களே! வந்தால் அதற்குப் பெயர் வேறு. மாளிகையில் வந்தால் நோய். குடிசையில் வந்தால் கொழுப்பு.

போன ஆண்டு நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு தோழர் வந்தார். உருட்டாலையில் காண்ட்ராக்ட் கூலி. கைமாற்றாகக் கொஞ்சம் பணம் வேண்டும் என்றார். எதற்கு என்றால் சொல்லக் கூச்சம். கடைசியில் வாய் திறந்தார். மகள் பிளஸ் டூ. வகுப்பில் எப்போதும் முதல். ஆறு மாதமாகக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். தோல் வெடித்து ரத்தம் கசிகிறது. பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரி எழுதினால் அதை அடித்து மறுபடி எழுதுகிறாள். எழுத்து கோணினால் தாய்க்கு ஏதோ ஆகிவிடும் என்று ஓர் எண்ணம். அப்படி ஆகாது என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. "நைனா, இந்த ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுகிறாள். தெருக்குழாயில் பிடித்து வைத்த நான்கு குடமும் காலி. அவர் ஒரு நாள் கை நீட்டி அடித்துவிட்டார். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் தலை நிமிரவில்லை.

மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். பள்ளியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ரொம்பக் கவனமான பெண், கையெழுத்து முத்து மாதிரி" என்று மெச்சினார்கள்! அரைப் பரீட்சையில் அவள் பாதி வினாவுக்கு மேல் எழுத முடியாமல் திரும்பிய பிறகுதான் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தார்கள். யாரோ சொல்லிச் சென்னையில் ஒரு தனியார் இடத்துக்குப் போனார்கள். பத்துப் பதினைந்து முறை வரவேண்டும், ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று சொல்லி அனுப்பினார்கள்.

கணக்குப் பார்ப்போம். ஒரு முறைக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்தில் இது உயர்ந்த கட்டணமல்ல. பதினைந்து முறைக்கு 22,500 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு விதித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஆக, ஓர் ஏழை விவசாயக் கூலி 67 நாள் மண் வெட்டினால் மகளின் மனத்துக்கு வைத்தியம் கிடைக்கும். ரயில் செலவும் போன நாள் கூலியும் தனி!

இது என்ன நோய்? எண்ணச் சுழற்சி நோய் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். உலகக் கணக்கில் நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்குகிறது. ஆலைச் சங்கை எண்ணிக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் ஊத வேண்டிய சங்கு, தீ இல்லாமலே ஊதுகிறது. ஊதியவுடன் இவர் ஓடுகிறார். கழுவுகிறார், சரிபார்க்கிறார், எண்ணுகிறார். ஓடியதும் சங்கு சற்று ஓய்கிறது. "ஓடியதால்தான் தப்பித்தோம்" என்று மனம் பாடம் கற்கிறது. அடுத்த முறை இன்னும் உரக்க ஊதுகிறது.

இதற்கு வைத்தியம் உண்டு. சங்கு ஊதட்டும், நீ ஓடாதே என்று படிப்படியாகப் பழக்குவதுதான் அது. அழுக்கென்று அஞ்சும் பொருளைத் தொடு, கழுவாமல் இரு, அச்சம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். சிறிய அச்சத்தில் தொடங்கிப் பெரியதற்குப் போக வேண்டும். பயிற்சி பெற்றவர் பக்கத்திலிருந்து நடத்த வேண்டும். 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இந்த முறையை நடத்தி எழுதினார். அதற்குப் பின் உலகெங்கும் சோதித்துப் பார்த்து நிலைநாட்டிய முறை இது. கூடவே மாத்திரையும் உண்டு. ஃபுளுவாக்சடின் என்ற மருந்தை 1987-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தபோது அது எலி லில்லி கம்பெனியின் ஏகபோகம். அந்தக் காப்புரிமை அங்கே 2001-ல் ஒழிந்தது. இன்று நம் நாட்டுக் கம்பெனிகள் மலிவாகச் செய்கின்றன. இந்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நாலு நாளில் குணமில்லை என்று நாமே நிறுத்திவிடக் கூடாது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. "சுத்தமாகத்தான் இருக்கிறது, போ" என்று தாய் நூறு தடவை உறுதி சொல்வதும் அந்தச் சங்குக்குக் காற்றடிப்பதுதான். அடிப்பதும் உதவாது, ஆமாம் போடுவதும் உதவாது. எப்படி உறுதுணையாக இருப்பது என்று வீட்டாருக்கும் கற்றுத் தருவது இந்த வைத்தியத்தில் ஒரு பகுதி.

ஆக, மருந்து இருக்கிறது, முறை இருக்கிறது. யாருக்கு இருக்கிறது? 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பதற்றம், சோர்வு போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று அது கண்டது. அந்த 85 பேரில் மெத்தை நாற்காலிக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

உபதேசிகளின் வாதம்

"போட்டி உலகம் இது, மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்கிறார்கள். யோகம் செய்யச் சொல்கிறார்கள், மூச்சை எண்ணச் சொல்கிறார்கள். மூச்சுப் பயிற்சி கெட்டதல்ல. ஆனால் கழுத்தில் காலை வைத்துக்கொண்டு மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பது என்ன நியாயம்?

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை மறக்க முடியுமா? மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176. மருத்துவப் படிப்புக்கு நீட் ஒன்றே வழி என்று ஆனது. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். 2017 செப்டம்பர் 1-ல் நம்மை விட்டுப் போனார். அவருக்கு நோய் இருந்தது என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அவர் கேட்டது ஆலோசனை அல்ல, நியாயம். ராஜஸ்தானத்துக் கோட்டா நகரத்தைப் பாருங்கள். பயிற்சி வியாபாரத்தின் தலைநகரம். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சாகத் தொடங்கியதும் 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது: பயிற்சி நிலையங்களில் இரண்டு மாதத்துக்குச் சோதனைப் பரீட்சை கிடையாது! இரண்டு மாதம்! மூன்றாவது மாதம்?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே பேச வேண்டி வந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் சாவு குறித்த வழக்கு அது. நூறு பிள்ளைகளும் அதற்கு மேலும் படிக்கும் நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிக் கும்பலாகப் பிரிக்கக் கூடாது என்றது தீர்ப்பு. நல்லது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எத்தனை பள்ளிகளில் அந்த ஆலோசகர் உட்கார்ந்திருக்கிறார்? பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.

பிள்ளைகள் மட்டுமா? பொன்னேரிப் பக்கத்துக் கூலி விவசாயி மகன் ஒருவன், டிப்ளமா படித்தவன், கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். அளந்த பொருளையே திரும்பத் திரும்ப அளப்பான். "இவனைப் போல் இருங்களடா" என்று மற்றவர்களுக்கு உதாரணம் காட்டினார் சூப்பர்வைசர். நோய் முற்றி, மணிக்கு இத்தனை என்ற கணக்கு தவறியதும் அதே சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். லாபம் தருகிற வரைக்கும் நோய்க்குத் திறமை என்று பெயர். லாபம் குறைந்தால் சோம்பேறித்தனம்!

2023 ஏப்ரல் 21-ல் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தொழிலாளர் எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. வாரம் 70 மணி உழை என்றார் 2023-ல் ஒரு பெரும் கம்பெனி அதிபர். 2025 ஜனவரியில் இன்னொருவர் 90 என்றார். ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வந்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் பதற்றம் வளரும். இதையும் வைத்தியர்கள்தான் சொல்கிறார்கள்.

நம் பக்கத்துத் தவறு

இங்கே நம்மையும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். "இதெல்லாம் பணக்காரன் வியாதி, கூலி உயர்ந்தால் தானாகப் போகும்" என்று பேசும் தோழர்கள் நம்மிடையே உண்டு. இது தவறு. பரீட்சையும் ஷிப்டும் மட்டுமே எண்ணச் சுழற்சி நோயை உண்டாக்குகின்றன என்று சொன்னால் பொய் சொன்னவர்களாவோம். மூளையின் இயக்கத்துக்கும் பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. நெருக்கடி அதைக் கிளறிவிடுகிறது, முற்ற வைக்கிறது. காசநோயை வறுமை வளர்க்கிறது என்பதற்காக, வறுமை ஒழியட்டும், அதுவரை மருந்து வேண்டாம் என்று நாம் சொன்னோமா? கூலிக்கும் போராடுவோம், மாத்திரைக்கும் போராடுவோம்.

கேலி செய்வதையும் விட வேண்டும். "பைத்தியம்" என்ற சொல்லுக்குப் பயந்து எத்தனை வீடுகள் வாய் மூடிக் கிடக்கின்றன! ஆஸ்பத்திரிக்குப் போகக் கூசி வேறெங்கோ கொண்டுபோய் விடுவதன் கோரத்தை 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியில் கட்டிய நிலையில் 28 பேர் தீயில் மாண்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் நிறைவேறி 2018 மே 29-ல் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை யாராவது நமக்குப் படித்துக் காட்டினார்களா? சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணம் தரும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அதன் 18-வது பிரிவு. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்க்கு சர்க்கார் இடங்களில் இலவசம். மாவட்டத்தில் சட்டம் குறிக்கும் குறைந்தபட்ச வசதி இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சைச் செலவை சர்க்கார் ஏற்க வேண்டும். ஆம், ஏற்க வேண்டும்! கைமாற்றுக் கேட்டு வந்த நம் தோழருக்கு இது தெரியாது. நமக்கும் அன்று தெரியாது.

திருவள்ளூரில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. 2011 கணக்கில் 37 லட்சம் ஜனங்கள் வாழ்ந்த மாவட்டம் இது. பிறகு சில பகுதிகள் சென்னையோடு போனாலும் கூட்டம் குறையவில்லை. அத்தனை பேருக்கும் ஒரு சிறு குழு எப்படிப் போதும்? வரிசையில் நின்றால் மாத்திரை கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வாரா வாரம் பழக்குவதற்கு ஆள் வேண்டாமா? 14416 என்ற தொலைபேசி எண் 2022 முதல் இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம், இந்தியிலும் ஒரியாவிலும் பேசலாம். சிப்காட்டில் உழைக்கும் பீகார், ஒடிஷாத் தோழர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் யாருக்கு வந்தாலும் அந்த நிமிஷமே இந்த எண்ணை அழைக்க வேண்டும்; அவரைத் தனியே விடக் கூடாது.

இ.எஸ்.ஐ.யின் சங்கதி இன்னொன்று. நீண்டகால நோய்க்குக் கூலியில் நூற்றுக்கு 80 பங்கு, இரண்டாண்டு வரை தர 34 நோய்கள் கொண்ட பட்டியல் வைத்திருக்கிறார்கள். மனச்சிதைவு போன்றவை அதில் உண்டு. எண்ணச் சுழற்சி நோய்க்கும் பதற்ற நோய்க்கும் இடமில்லை. கை வெடித்து ரத்தம் வந்தாலும் இடமில்லை!

ஆகவே கேட்கிறோம். கும்மிடிப்பூண்டி சர்க்கார் ஆஸ்பத்திரியில் வாரம் இரு நாளாவது, அதில் ஒன்று ஷிப்டு முடிந்த மாலை நேரத்தில், மனநல வைத்தியரும் பழக்கும் பயிற்சி பெற்ற உளவியலாளரும் உட்கார வேண்டும். சர்க்கார் பள்ளிகளில் நிரந்தர ஆலோசகர் வேண்டும், காண்ட்ராக்டில் அல்ல. கை நடுங்குகிற, திரும்ப எழுதுகிற பிள்ளைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டும். இ.எஸ்.ஐ. பட்டியலைத் திருத்த வேண்டும். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் நாளுக்குக் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கூலியோடு லீவு வேண்டும்.

அந்தப் பெண் இப்போது சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள், ஒரு நாளில் கை கழுவும் தடவைகளைத் தாயும் மகளுமாகக் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வருகிறார்கள். எண்ணிக்கை இறங்கியிருக்கிறது, முழுக்க விடவில்லை. அடுத்த முறை வியாழக்கிழமை போக வேண்டும். தகப்பன் லீவு கேட்டிருக்கிறார். மேஸ்திரி இன்னும் பதில் சொல்லவில்லை.