கம்பியில் முறுக்கு விழுவது யார் குற்றம்?

பேத்தமங்களா ஏரி நீரை உண்டு வளர்ந்த கோலார் தங்கவயலில், 2001-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, தொழிலாளர் பாதாளத்தில் இறங்கியதும் ஏறியதும் எஃகு வடங்களின் துணைகொண்டே. அத்தகைய வடமாயினும் வேலிக் கம்பியாயினும், முறுக்கு விழுந்தால் சரக்கின் தரத்தைப் பழிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் குற்றம் பிரித்தவர் கையினதே.

தரையில் கிடக்கும் சுருளின் நுனியைப் பற்றி மேலே இழுத்தால், சுற்றுக்கு ஒரு முழு முறுக்கு கம்பியில் ஏறும். வெளியேற வழியின்றி அது கண்ணியாக எழும். மேலும் இழுக்கவே கண்ணி இறுகி, எஃகு நிலையாக வளைந்துவிடும். சுத்தியலால் தட்டி நிமிர்த்துவோர் உண்டு. நிமிர்வது உருவம் மட்டுமே. போன வலிமை மீள்வதில்லை. ஆள் ஏறும் வடமாயின் அதனை விலக்கியே ஆகவேண்டும்.

ஆதலின் சுருளைச் சக்கரம்போல் உருட்டியோ, சுழல்மேடையில் வைத்தோ பிரித்தல் வேண்டும். கண்ணி தோன்றியதும் இழுப்பதை நிறுத்தி, எதிர்ப்புறமாகத் திருப்பி அவிழ்த்தல் வேண்டும். இதற்குக் கூடுதலாக ஓர் ஆள் தேவையே என்பர். வெட்டி எறியும் கம்பிக்கு யார் கணக்குப் பார்க்கின்றனர்?

ஆசிரியர்கள் இதனை நாடாச் சுருள் ஒன்றைக் கொண்டே வகுப்பில் காட்டலாம். சுருளைப் படுக்க வைத்து நாடாவை மேலே இழுத்தால் அது முறுக்கிக்கொள்ளும்; பென்சிலில் கோத்துச் சுழல விட்டால் தட்டையாகவே வரும்.