பூட்டிய கதவும் படிக்காத தாளும்

மர்மக் கதை எழுதுவோருக்கு இன்று மரபணு ஒரு மந்திரக்கோல். 'சுபா' என்ற ஒரே பெயரில் நாவல் எழுதும் இரு நண்பர்களும் இயக்குநர் கே. வி. ஆனந்தும் சேர்ந்து உருவாக்கி, 2012இல் வெளிவந்த 'மாற்றான்' படத்தை அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். எல்லாச் சிறப்பும் ஒருங்கே வாய்ந்த பிள்ளையை ஆக்கிவிட ஒரு விஞ்ஞானி இரகசியமாக முனைகிறார். பிறப்பவரோ உடல் ஒட்டிய இரட்டையர்!

கதை சுவையானதுதான். ஆயினும் ஒன்று கேட்கிறேன். ஒட்டிப் பிறக்கும் இரட்டையர் ஒரே கருவிலிருந்து வருபவர். இருவருக்கும் மரபணு ஒன்றே. படத்திலோ ஒருவன் அடக்கமானவன், மற்றவன் குறும்பன். குணத்தை மரபணு மட்டும் வகுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தந்தையின் கொள்கையை அவர் பெற்ற பிள்ளைகளே பொய்யாக்கிவிடுகிறார்கள்!

கதை கிடக்கட்டும், நடந்ததைப் பார்ப்போம். 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹ ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தது. நோய் குழந்தைகளை அண்டாதிருக்க சி.சி.ஆர்.5 என்னும் மரபணுவைக் குலைத்தாராம். பெற்றோர் ஒப்பமிட்ட தாளில் இருந்த பெயர் என்ன? 'எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்'! நெறிக்குழுவின் அனுமதிப் பத்திரம் போலி என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நாவல்களில் இரகசியம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும். இங்கோ அது பெற்றோரின் கையிலேயே கொடுத்த தாளில் இருந்தது.

இதற்காக விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. 1986இல் நம் பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் டாக்டர் டி. சி. ஆனந்த் குமாரும் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க வழி கண்டனர். செய்த முறையை ஏட்டில் வெளியிட்டனர். உலகம் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஒளிவில்லாத இடத்தில் விஞ்ஞானம் வளரும்.

சில ஆண்டுகளுக்கு முன், தாராவியில் எங்கள் சந்துக்கு இரத்த மாதிரி எடுக்கச் சிலர் வந்தனர். அம்மாவிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டினர். அம்மா தமிழில் கையெழுத்திட்டார். "எதற்கு அம்மா?" என்று கேட்டேன். "படிச்சவுக கேட்டாவ, போட்டேன்" என்றார். அந்த இரத்தம் எதற்குப் பயன்பட்டது என்பது எங்களுக்கு இன்றளவும் தெரியாது.

ஆய்வுக்கு உட்படுவோருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. விதி இருக்கிறது, விளக்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆள் நாம் ஏன் ஆகக்கூடாது? நாளை நம்மிற் சிலரும் ஊசியும் தாளும் ஏந்தி அதே சந்துகளுக்குப் போகப் போகிறவர்களே. ஒப்புதல் தாள்களைத் தெளிந்த தமிழில் எழுதித் தரும் பணியை நம் சங்கம் மேற்கொள்ளட்டும்.

நண்பர்களே, படித்தவர் கேட்டார் என்பதற்காகவே கையெழுத்திடும் தாய்மார் இருக்கும் வரையில், இரகசிய ஆய்வுக்குப் பூட்டிய கதவு தேவையில்லை.