பாற்கடலை நக்கப் போன பூசையும் தண்ணீர் குடியாத பூனையும்

கம்பன் தன் காவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடத் துணிந்த ஒரு பூனைக்குத் தன்னை ஒப்பிடுகிறான். அந்தப் பூனையின் பேராசை எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. எங்கள் வீட்டுப் பூனையோ ஒரு கிண்ணம் தண்ணீரைக்கூட முழுதாகக் குடித்ததில்லை. இக்கட்டுரை கம்பனைப் பற்றியதன்று. அந்தக் கிண்ணத்தைப் பற்றியது. இலக்கியம் பேசும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். அவர்களுள் பலர் வீட்டிலும் ஒரு பூனை இருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், எங்கள் கடுவன் மணல் தட்டுக்குப் பலமுறை போவதும், முக்குவதும், ஒன்றுமில்லாமல் திரும்புவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நாங்களே முடிவு செய்து ஒரு பகலை வீணடித்தோம். இரவில் அவன் ஈனக்குரலில் அழத் தொடங்கிய பின்னரே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீர்ப் பாதை அடைத்து, சிறுநீர்ப்பை கல் போல் இறுகிக் கிடந்தது. மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை நீக்கினார்கள். மறுநாள் வரை காத்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் மருத்துவர். பிறகு, என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். உலர் உணவு மட்டும்தான் என்றோம். தண்ணீர்? கிண்ணம் எப்போதும் நிரம்பியே இருக்கும் என்று சற்றுப் பெருமையாகச் சொன்னோம். “நிரம்பியே இருக்கிறது என்றால் அவன் குடிக்கவில்லை என்றுதானே பொருள்?” என்றார் அவர்.

அந்தக் கேள்விக்குப் பின்னரே நாங்கள் படிக்கத் தொடங்கினோம். வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய வறண்ட நிலங்களின் காட்டுப் பூனைகள். தமக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை அவை இரையிலிருந்தே பெற்றன. ஓர் எலியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். ஆகவே பூனையின் தாக உணர்வு மந்தமானது. அதன் சிறுநீரகம் சிறுநீரை மிகவும் செறிவாக்கி நீரை மிச்சம் பிடிக்கும். பாலைவனத்தில் உயிர் காத்த இந்தச் சிக்கனமே அடுக்குமாடிக் குடியிருப்பில் வினையாகிறது.

கணக்கைப் பார்க்கலாம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை. உலர் உணவாயின் 55 கிராம் போதும். அதில் நீர் ஐந்து கிராம் அளவே. டின் உணவாயின் 200 கிராம் வேண்டும். அதில் 150 கிராம் நீர். உலர் உணவு தின்னும் பூனை கிண்ணத்திலிருந்து கூடுதலாகக் குடிக்கும். ஆயினும் இந்த இடைவெளியை அது முழுதாக நிரப்புவதில்லை. மேலும், ஒரு கைப்பிடி உலர் உணவில் இவ்வளவு சக்தி அடங்கியிருப்பதால், கிண்ணத்தை நாள் முழுதும் நிரப்பி வைக்கும் வீடுகளில் பூனைகள் எளிதில் பருத்துவிடுகின்றன. அமெரிக்காவில் உலர் உணவு பெருகியதற்கு ஒரு காரணம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் தகரத் தட்டுப்பாடு. 1950களில் அதைப் பெருமளவில் செய்யும் இயந்திர முறையும் வந்து சேர்ந்தது. மனிதனின் வசதிதான் அதை வளர்த்தது, பூனையின் உடலமைப்பன்று.

இதனால் உலர் உணவு நஞ்சு என்று முழங்குவோருடன் நாங்கள் சேரவில்லை. எங்கள் கடுவனின் அடைப்புக்கு அதுவே காரணம் என்று மருத்துவரும் சொல்லவில்லை. மன அழுத்தம், உடற்பருமன், குறுகிய சிறுநீர்ப் பாதை என்று காரணங்கள் பல. டின்னுக்கும் கறைகள் உண்டு. 2007இல் வட அமெரிக்காவில், மெலமைன் கலந்த கோதுமைப் புரதத்தால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அப்போது திரும்பப் பெறப்பட்டவற்றுள் பெரும்பாலானவை குழம்புடன் கூடிய ஈர உணவுகளே. முதிய பூனைகளின் தைராய்டு மிகைச் சுரப்புக்கும் டின் உணவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று காட்டிய ஆய்வுகளும் உள்ளன. காரணம் இன்னும் உறுதிப்படவில்லை.

எவ்வடிவமாயினும் உள்ளே இருப்பதே முதன்மை. டாரின் என்னும் அமினோ அமிலம் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துவிடும் என்பதை, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987இல் வெளிப்படுத்தினர். அப்பூனைகள் தின்றவை கடையில் விற்ற உணவுகளே. அதன் பின்னரே உற்பத்தியாளர்கள் டாரினின் அளவைக் கூட்டினர். நம் வீடுகளின் பால் சோறும் தயிர் சோறும் இக்குறையைத் தீர்க்கா. போதாக்குறைக்கு, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லை. கம்பனின் பூனை கடலை முடித்திருந்தால் அதன் வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

எங்கள் முடிவு இதுதான். கைப்பொருள் இடங்கொடுத்தால் டின்னிலோ உறையிலோ வரும் ஈர உணவே முதன்மையாக இருக்கட்டும். கடுவனுக்கும், முன்பே சிறுநீர்க் கோளாறு கண்ட பூனைக்கும் இது இன்னும் பொருந்தும். முடியாவிட்டால் ஒரு வேளையேனும் ஈர உணவு. அதுவும் இயலாவிட்டால் உலர் உணவை அளந்து வைத்து, நீரை வேறு வழிகளில் கூட்டலாம்: பல இடங்களில் அகன்ற கிண்ணங்கள், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத மீன் வேகவைத்த நீர். உலர் உணவு பல்லைத் துலக்கும் என்ற சமாதானம் வேண்டாம். அதற்கெனவே செய்யப்பட்ட சில வகைகள் தவிர, மற்றவை பல் பட்டதும் நொறுங்கிவிடுகின்றன. ஈர உணவைத் தட்டில் நெடுநேரம் விடவும் கூடாது. நம் வெயிலில் அது விரைவில் கெடும்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்ய வேண்டாம். பசித்தால் தானே தின்னும் என்பது பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, பருத்த பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய உணவுடன் சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாளேனும் பழக்க வேண்டும். எங்கள் கடுவனுக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

இவ்வளவையும் மறந்துவிட்டாலும் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கடுவன் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் வரவில்லையெனில் விடியும் வரை காத்திராதீர்கள். நாங்கள் ஒரு பகல் காத்திருந்தோம். அவன் பிழைத்தது எங்கள் அறிவால் அன்று.